பாலம் வந்தபின் பாதை: கணினி மொழிகளின் வரவும் செலவும்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம்மூர்ச் சொல் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். துறையில் நின்று "பாதை வந்திட்டா?" என்று நம்மவர் ஒருவர் கேட்டால், வெளியூரிலிருந்து வந்தவர் திகைத்துப்போவார். பாதையில் மனிதர் வருவார்கள், பாதை எப்படி வரும்? நமக்கு அது நன்றாகவே வரும். ஆட்களையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் இடையில் போய்வரும் மிதவைக்கு இந்த வாவிக்கரையில் பாதை என்றுதான் பெயர்.

2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் கட்டிய மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 210 மீட்டர். அதுவரை அந்தத் துறையில் காலையிலும் மாலையிலும் பாதைக்குக் காத்து நின்ற ஆசிரியர்களும் தாதிமாரும் மறுநாளே பாலத்தில் போனார்கள். அந்தப் பாதையில் ஓட்டையோ பழுதோ இல்லை. பலகை உறுதியாகத்தான் இருந்தது, ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. அதே காலத்தில் தெற்கே குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அங்கே பாலம் இருக்கவில்லை. கல்லடியில் நடந்தது வேறு. 1924இல் மானிங் சீமாட்டி பெயரில் எழுந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் புதிய பாலத்தைத் திறந்தார்கள், பழையதை இடிக்கவில்லை. பாடும் மீனைக் கேட்க நிலாக்காலத்தில் போகிறவர்கள் இன்றும் பழைய பாலத்தில்தான் நிற்கிறார்கள்.

கணினி மொழிகளின் வரலாற்றை இந்த மூன்று துறைகளையும் தெரிந்தவருக்கு விளக்குவது எனக்கு எளிது. ஒரு மொழி மறைந்தால், அது குறையுள்ள மொழி என்பதால் மறைந்தது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. மொழி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள கரை மாறிவிடுகிறது. அந்தக் கரையைத்தான் கணினித் துறையில் தளம் என்கிறோம். இயந்திரம், அதன் மேல் ஓடும் இயங்குதளம், உலாவி, கைபேசி, இவற்றுக்குச் சொந்தக்காரர், இவற்றைக் கற்பிக்கிற ஆசிரியர் எல்லாம் சேர்ந்ததுதான் தளம்.

இயந்திரத்துக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. 1950களின் தொடக்கத்தில் நிரல் எழுதியவர்கள் ஏறத்தாழ எண்களாகவே எழுதினார்கள். ஓர் இயந்திரத்துக்கு எழுதியதை மற்றதில் ஓட்ட முடியாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் 1957இல் போர்ட்ரானை வெளியிட்டார்கள். கணிதச் சூத்திரத்தைப் போல எழுதினால் போதும், அதை எண்களாக்கும் வேலையைத் தொகுப்பி என்ற இன்னொரு நிரல் பார்த்துக்கொள்ளும். கையால் எழுதியவர்கள் இதை நம்பவில்லை. ஒரு நிரல் எழுதும் நிரல், தேர்ந்த மனிதன் எழுதிய நிரலின் வேகத்துக்கு ஓடுமா என்று கேட்டார்கள். போர்ட்ரான் அந்த வேகத்துக்கு மிக அருகில் வந்து காட்டிய பிறகுதான் அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

அந்தப் போர்ட்ரான் செத்துப்போனது என்று யாராவது சொன்னால், 1978ஐ நினைவில் வைத்திருப்பவர்களைக் கொண்டு பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி நம் கரையில் ஏறிய சூறாவளியை இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்கள் உடம்பால் அறிவார்கள். தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. இன்று வங்கக் கடலில் தாழமுக்கம் தோன்றினால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சில நாள் முன்பே கைபேசியில் பார்க்கிறோம். அந்தக் கணிப்பைச் செய்யும் மாதிரிகள், அமெரிக்காவின் டபிள்யூ.ஆர்.எப். ஆனாலும் ஐரோப்பிய மையத்தின் மாதிரியானாலும், உள்ளே பெரும்பகுதி போர்ட்ரானில் எழுதப்பட்டவை. காற்றின் கணக்கைப் பல பத்தாண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கும் நிரல்களை மாற்றி எழுதப் பலருக்குத் துணிவு வரவில்லை, அவசியமும் வரவில்லை. குறுமண்வெளிப் பாதை அது.

வணிகக் கணக்குகளுக்காக 1959இல் திட்டமிட்ட கோபோலும் அதே வகை. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். மொழியைக் கற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அதில் எழுதியது ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது சி மொழிக்கு வருகிறேன். பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் முதலில் ஒரேயொரு வகை இயந்திரத்துக்கு உரிய மொழியில் இருந்தது. ரிச்சி உருவாக்கிய சி மொழியில் 1973இல் அதைத் திரும்ப எழுதினார்கள். பெல் ஆய்வுகூடத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., அரசோடு 1956இல் செய்துகொண்ட உடன்படிக்கையால், தொலைபேசிக்கு வெளியே வியாபாரம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. அதனால் யூனிக்ஸை மூல நிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. யூனிக்ஸ் போன இடமெல்லாம் சியும் போனது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தே வளர்ந்தார்கள். உலகில் சியைவிட ஒழுங்கான மொழிகள் அப்போதே இருந்தன. அவற்றுக்கு ஏறிப்போக வள்ளம் கிடைக்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான். 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் செய்து முடித்தார். அவசரத்தின் தழும்புகள் அதில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அது நெட்ஸ்கேப் உலாவிக்குள் இருந்தது, பிறகு எல்லா உலாவிக்குள்ளும் இருந்தது. அதே உலாவிக்குள் விருந்தாளியாக இருந்த பிளாஷ், 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஆதரவை இழந்தது. தமிழ்க் குழந்தைகளுக்காகச் செய்த எத்தனையோ கற்றல் குறுவட்டுகளும் இணைய விளையாட்டுகளும் பிளாஷில் இருந்தன. அ, ஆ என்று பேசிக்காட்டிய அந்தப் பாடங்களில் பலவற்றை இன்று என் பேரப்பிள்ளைக்குக் காட்ட வழியில்லை. மண்முனைத் துறையில் நின்றுபோன பாதையைப் போல அவை நிற்கின்றன.

சில மாதங்களுக்கு முன் உயர்தர மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சேர், ஓ லெவல்ல பஸ்கால் படிச்சன். இப்ப பைதன் படிப்பிக்கிறாங்க. அப்ப நான் படிச்சது வீணா?"

நல்ல கேள்வி. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல் பல ஆண்டுகள் பஸ்காலைத்தான் கற்பித்தது, உயர்தரம் பைதனுக்குத் தாவுகிறது. சூரிச்சில் நிக்லாஸ் விர்த் 1970இல் பஸ்காலை வெளியிட்டதே கற்பிப்பதற்காகத்தான். மாறி என்ன வகை என்று முதலே அறிவிக்க வேண்டும். ஒரு கூற்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் அரைப்புள்ளி வேண்டும். மதிப்பை இடுவதற்கு ':=' என்றும் ஒப்பிடுவதற்கு '=' என்றும் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். சி மொழி இடுவதற்கே '=' என்றும் ஒப்பிடுவதற்கு '==' என்றும் வைத்துக்கொண்டதால் எத்தனை நிரலாளர்கள் எத்தனை இரவு தூக்கம் கெட்டார்கள் என்பதை அத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். என் மதிப்பீட்டில், ஒரு பிள்ளையின் சிந்தனையை ஒழுங்கு செய்ய பஸ்காலைவிட நல்ல மொழி அதன் பின்பு வரவில்லை.

அந்த மாணவிக்கு நான் ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் என்ற டென்மார்க் இளைஞர் எழுதிய தொகுப்பியை போர்லண்ட் நிறுவனம் 1983இல் டர்போ பஸ்கால் என்ற பெயரில் விற்றது. விலை 50 டொலருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்தில் மற்றத் தொகுப்பிகள் நூற்றுக்கணக்கான டொலர். அதே மனிதர் பிறகு 1995இல் வந்த டெல்பியின் முதன்மைச் சிற்பியானார். மைக்ரோசொப்டுக்குப் போய் சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார். 2012இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டும் அவர் கைப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு மேலே வகை அறிவிப்பை ஏற்றி வைப்பதுதான் டைப்ஸ்கிரிப்ட். மாறியின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு வகை. பஸ்காலில் அவள் எழுதிப் பழகிய அதே வரிசை! இன்று உலகின் பெரிய இணையத்தளங்கள் பல அந்த வரிசையில் எழுதப்படுகின்றன. "நீ படித்தது பெயர் மாறி உனக்கு முன்னாலேயே போய் நிற்கிறது மகள்" என்றேன்.

டைப்ஸ்கிரிப்ட், ஜாவாவுக்குப் பக்கத்தில் வந்த கொட்லின், லினக்ஸ் கருவுக்குள் 2022 டிசம்பரில் சி மொழிக்குப் பக்கத்தில் இடம் பெற்ற ரஸ்ட் எல்லாம் கல்லடி வகை. பழையதை இடிக்காமல், இரண்டிலும் ஆள் போகும்படி கட்டியவை. மாற்றம் நல்லபடி நடந்த இடங்களைப் பார்த்தால் அநேகமாக இதுதான் முறை. பழையதை அடியோடு விட்டுவிட்டு வா என்று சொன்ன மொழிகள் தம் மக்களில் பலரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயின.

கரையில் விடப்பட்டவர்களைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். படுவான்கரையில் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கம். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் ஓர் இளைஞர் அவர்களுக்குப் பொக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மொழியில் கடன் பேரேட்டு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல நிரல். வட்டி, தவணை, நிலுவை எல்லாம் ஒரு சதம் பிசகாமல் காட்டும். அந்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் எங்கே என்று யாருக்கும் தெரியாது, இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பு மட்டும் இருந்தது.

பொக்ஸ்ப்ரோவை மைக்ரோசொப்ட் 1992இல் வாங்கியது. கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. அடுத்த பதிப்பு கிடையாது என்று 2007இல் அறிவித்தார்கள், 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. 1998இல் வந்த விசுவல் பேசிக் ஆறாம் பதிப்புக்கும் ஏறத்தாழ இதே கதி. இவற்றைப் பயன்படுத்தியவர்களை யாரும் கேட்கவில்லை. தளத்துக்குச் சொந்தக்காரர் முடிவெடுத்தார், அவ்வளவுதான். சங்கத்தின் பழைய கணினி உப்புக்காற்றில் இற்றுப்போன நாளில் புதிய கணினி வாங்கினார்கள். அதில் 64 பிட் விண்டோஸ். பழைய 16 பிட் நிரல் அதில் திறக்கவே இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். வயதான முகாமையாளர் ஒருவர், பேரேட்டைப் பற்றி அல்ல, இன்னொன்றைக் கேட்டார்: "கணக்குப் போனாப் போகட்டும் மனே. ஆக்கள்ட பேரயெண்டாலும் எடுத்துத் தா."

நிரல் போய்விட்டது, தரவு போகவில்லை. பொக்ஸ்ப்ரோவின் தரவுக் கோப்பு மிக எளிய அமைப்புக் கொண்டது. முதலில் ஒரு தலைப்பகுதி: எத்தனை பதிவுகள், ஒவ்வொரு புலத்துக்கும் என்ன பெயர், எத்தனை எழுத்து அகலம். அதன் பின் பதிவுகள் ஒரே அளவில் வரிசையாக. ஒவ்வொரு பதிவின் முன்னும் ஒரு காவல் இடம் உண்டு. அதில் வெற்றிடம் இருந்தால் அந்த அங்கத்தவர் இருக்கிறார். நட்சத்திரக் குறி இருந்தால் அவரை நீக்கியிருக்கிறார்கள். ஆனால் நீக்கியவர் உண்மையில் அழிவதில்லை. கோப்பைச் சுருக்கும் கட்டளையை யாராவது கொடுக்கும் வரை அவருடைய பெயரும் ஊரும் கடனும் அங்கேயே கிடக்கும். அந்தச் சங்கத்தில் யாரும் அந்தக் கட்டளையைக் கொடுத்திருக்கவில்லை. இறந்தவர்கள், இடம்பெயர்ந்து திரும்பாதவர்கள், எல்லோரும் ஒரு நட்சத்திரத்தோடு அங்கே இருந்தார்கள். முகாமையாளர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று பின்னேரம் முழுக்க அதுதான் வேலை.

வாசிப்பதற்கு முன் இன்னொரு பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. ஊர் என்ற இடத்தில் நான் கண்டவை இந்த எண்கள்: 107, 108, 59, 108, 102, 59, 102, 115, 103, 59, 71. பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இது என்னவென்று விரல் சொல்லும். மட்டக்களப்பு. 107 என்பது உண்மையில் ஆங்கிலச் சிறிய கே. அந்த எண்ணுக்கு 'ம' என்ற வடிவத்தை வரைந்துகாட்டியது பாமினி. 108க்கு 'ட'. 59 என்பது அரைப்புள்ளி, அதைப் பாமினி மெய்யின் மேற்புள்ளியாக வரைந்தது. பஸ்காலில் ஒரு கூற்றை அடுத்ததிலிருந்து பிரிக்கிற அதே 59, பாமினியில் உயிரை நீக்கி மெய்யாக்குகிறது. எண் ஒன்றுதான், அதைப் படிக்கிறவர் யார் என்பதில் பொருள் இருந்தது. பாமினி இல்லாத கணினியில் நம் ஊரின் பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. இலங்கையில் ஒரு தலைமுறையின் திருமண அழைப்பு, கோயில் மலர், சங்கத்தின் யாப்பு, கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவு மலர், பரீட்சை வினாத்தாள் எல்லாம் இப்படித்தான் எழுதப்பட்டன.

இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட்டில் 'ம'வின் எண் 2990. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றுவது எண்ணுக்கு எண் மாற்றும் வேலை என்று நினைத்தால் தேத்தாத்தீவு என்ற ஊர்ப் பெயரில் தடுக்கி விழுவோம். 'தே' என்பதைப் பாமினி கண்ணால் பார்க்கும் வரிசையில் வைக்கும்: முதலில் கொம்பு 78, பிறகு த 106. யூனிகோட் சொல்லும் வரிசையில் வைக்கும்: முதலில் த 2980, பிறகு ஏகாரக் குறி 3015. இடம் மாற்றிப் போட வேண்டும். 'பு' பாமினியில் ஒரே எண், யூனிகோட்டில் இரண்டு. மட்டக்களப்பு பாமினியில் 11 எண், யூனிகோட்டில் 12. இவற்றையெல்லாம் பார்த்துப் பைதனில் நூறு வரிக்குள் ஒரு நிரல் எழுதினேன். சங்கத்தின் அத்தனை பெயரும் வந்தன. அகலம் இருபது எழுத்து என்று அன்று வைத்திருந்ததால் நீண்ட பெயர்கள் சில வால் அறுந்து வந்தன. முகாமையாளர் நினைவிலிருந்து அவற்றை முடித்துக் கொடுத்தார்.

பாமினி தோற்றது தட்டச்சு முறையால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம், தமிழ் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பை எடுத்துக்கொண்டது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் புதிதாக விரல் பழக வேண்டியிருக்கவில்லை. திரைக்குப் பின்னால் எண்கள் மாறின, திரைக்கு முன்னால் கை மாறவில்லை. அந்தத் தரத்தை வகுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

யூனிகோட் வந்ததும் நிரல் மொழிகளே மாற வேண்டியிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பைதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய நிரல்களில் பெரும்பகுதி அதில் அப்படியே ஓடாது. உலகம் முழுக்க முணுமுணுத்தார்கள். இரண்டாம் பதிப்பை 2020 ஜனவரி 1 வரை வைத்திருந்து, பதினொரு ஆண்டு அவகாசம் கொடுத்துத்தான் மூட முடிந்தது. இத்தனை வலிக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று எழுத்து. பழைய பைதனில் ஆங்கிலம் வீட்டுப்பிள்ளை, தமிழ் ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை காட்டி உள்ளே வர வேண்டியிருந்தது. மூன்றாம் பதிப்பில் எல்லா எழுத்தும் ஒன்றுதான். 'மொத்தம்' என்று ஒரு மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நிரல் ஓடும். அமெரிக்க நிரலாளர் பலருக்குத் தேவையற்ற தொந்தரவாகத் தெரிந்த மாற்றம், நம் போன்றவர்களுக்குக் கதவு திறந்த மாற்றம்.

கதவு திறந்தாலும் உள்ளே வேலை பாக்கி இருக்கிறது. மட்டக்களப்பு என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு. பைதனைக் கேட்டால் 12 என்கிறது, எண்களை எண்ணுவதால். 2014இல் அப்பிள் வெளியிட்ட ஸ்விப்ட் மொழி, மனிதர் ஓரெழுத்தாகக் காண்பதை ஓரெழுத்தாகவே எண்ணும்படி வடிவமைக்கப்பட்டது. அது எட்டு என்கிறது. பைதனில் எட்டு என்று சொல்லவைக்க, முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுதியை எழுதி இலவசமாக விட்டிருக்கிறார்கள்.

அதே முத்து அண்ணாமலை எழில் என்ற தமிழ் நிரல் மொழியையும் பைதன் மேலே கட்டினார். பதிப்பி, முடி, நிரல்பாகம், பின்கொடு என்று கட்டளைகள் தமிழில். ஆங்கில மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' என்று எழுத வேண்டும். மழை பெய்தால் என்றுதானே நாம் சொல்கிறோம், அந்த 'ஆல்' கடைசியில்தானே வருகிறது. தமிழ் வாக்கியத்தின் எலும்பை அறிந்து செய்த வேலை அது. எழிலில் எழுதிய நிரல்கள் தொழிற்சாலைகளை ஓட்டுகின்றனவா என்று கேட்டால், இல்லை. ஒரு மொழி நிலைக்க அதற்குச் சொந்தத் தளமோ, வேறொருவர் தளத்தில் உறுதியான இடமோ வேண்டும். நமக்கு முதலாவது இல்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு நிரல் என்றால் என்ன என்று ஒரு மணி நேரத்தில் காட்ட எழில் போதும். நான் காட்டியிருக்கிறேன்.

காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் பள்ளி நிறுவிய விபுலாநந்த அடிகளைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் ஒரு சொற்பொழிவை முடிக்க எனக்கு மனம் வராது. அவரை இங்கே கொண்டுவருவது மரியாதைக்காக மட்டும் அல்ல. யாழ் என்ற கருவி தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் முழுதாக வழக்கொழிந்திருந்தது. வீணை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பார்த்துச் செய்ய ஒரு மாதிரிகூட மிச்சமில்லை. பண்கள் மட்டும் ஓதுவார் தொண்டையில் வேறு வழியாக வாழ்ந்தன. விஞ்ஞானம் படித்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் கிடந்த நரம்புகளின் கணக்கை எடுத்து, ஆண்டுக்கணக்காகக் கணிதம் செய்து, யாழின் வடிவத்தையும் சுருதிகளையும் மீட்டார். யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார்.

கருவி அழிந்தது, வாசித்தவர்கள் அழிந்தார்கள். அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று யாரோ தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் அடிகளால் திரும்பக் கட்ட முடிந்தது. படுவான்கரைச் சங்கத்தில் எனக்கு நடந்ததும் அளவில் சிறியதே தவிர அதே காரியம்தான். தரவுக் கோப்பின் அமைப்பு பகிரங்கமாக எழுதப்பட்டிருந்தது, அதனால் பெயர்கள் வந்தன. நிரலின் உள்ளே வட்டி எப்படிக் கணிக்கப்பட்டது என்று எங்கும் எழுதப்படவில்லை, அதனால் அது போய்விட்டது. இரண்டு பக்கக் குறிப்பு போதுமாக இருந்திருக்கும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பாடசாலைகளிலும் நிரல் எழுதும் பிள்ளைகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும் அது உங்கள் ஆயுளுக்குள் ஒரு தடவையாவது மாறும். ஆகவே ஓர் அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ நிரல் எழுதிக் கொடுத்தால், மூல நிரலை அவர்கள் கையில் கொடுங்கள். அது என்ன செய்கிறது, எந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுங்கள். தமிழை யூனிகோட்டில் மட்டும் சேமியுங்கள். அந்தக் குறிப்பை வாசிக்கப் போகிறவர் இன்னும் பிறக்காதவராக இருக்கலாம்.

பெரியவர்களிடம் வேறொரு வேண்டுகோள். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சு நூல்களைப் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகிறது. அதே அக்கறை நம் கணினிக் கோப்புகளுக்கும் வேண்டும். உங்கள் சங்கத்தில், கோயில் பரிபாலன சபையில், வீட்டு அலுமாரியில், பாமினியில் தட்டிய கோப்போ பழைய நெகிழ்தட்டோ ஓடாத கணினியோ இருந்தால் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் வன்தட்டைக் கழற்றி ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் பக்கத்துப் பாடசாலையின் கணினி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த மாரிக்கு முன் செய்யுங்கள். ஈரத்தில் தட்டுகள் பூஞ்சணம் பிடித்துவிடும்.